குணமாகாதவனின் வினா: நற்செய்தி நூல்களிற் சுகமளித்தல் அற்புதங்கள் பற்றிய ஒரு நோக்கு

அற்புதங்கள் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஒரே வினாவுடன் தொடங்கி அவ்வினாவுடனேயே முடிந்துவிடுகின்றன. அவை உண்மையில் நிகழ்ந்தனவா என்பதே அவ்வினா. நிகழ்ந்தன என்று கொள்பவர் விசுவாசி எனப்படுகின்றார். நிகழவில்லை என்று கொள்பவர் பகுத்தறிவாளர் எனப்படுகின்றார். இருவரும் தத்தம் நிலையில் நின்று பேசிவிட்டுக் கலைந்துசெல்கின்றனர். இவ்விவாதத்தின் நடுவே ஒருவர் மட்டும் பேசாதிருப்பதை நாம் கவனிப்பதில்லை. அவர்தாம் நோயாளி. யாரைப் பற்றிய கதையோ அவருக்கு அக்கதை என்ன சொல்கின்றது என்னும் வினா, நிகழ்ந்ததா இல்லையா என்னும் வினாவினாற் பின்தள்ளப்பட்டுவிடுகின்றது. பின்தள்ளப்பட்ட அவ்வினாவை முன்னுக்குக் கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்கு நூலகத்திற் பிறந்ததன்று. பல ஆண்டுகளுக்கு முன், நண்பரொருவரின் வற்புறுத்தலினால், சுகமளிக்கும் வழிபாடு என்று விளம்பரஞ் செய்யப்பட்ட கூட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். பத்து வயது மதிக்கத்தக்க மகனைத் தோளிற் சுமந்துகொண்டு ஒரு தாய் மேடையருகே வந்தாள். பையனின் கால்கள் சூம்பியிருந்தன. அவனுக்காக மிக உரத்த குரலில் மன்றாட்டு நடந்தது. அவனை எழுப்பி நிறுத்தினார்கள்; விழுந்தான். மறுபடியும் நிறுத்தினார்கள், மறுபடியும் விழுந்தான். அதன்பின் மேடையில் நின்றவர் தாயை நோக்கி, அவளுடைய விசுவாசம் போதாது என்றும், வீட்டில் ஏதோ அறிக்கையிடப்படாத பாவம் இருக்கின்றது என்றும் கூறினார். அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. மகனைத் திரும்பவும் தோளிற் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வரும்போது அவளுக்கு ஒரு சுமை இருந்தது; போகும்போது இரண்டு இருந்தன.

மேடையிற் சொல்லப்பட்டது தற்செயலாக வாயில் வந்த சொல்லன்று. அதன் பின்னால் ஓர் அநுமானம் உண்டு. விசுவாசம் இருந்தாற் சுகம் கிடைக்கும்; சுகம் கிடைக்கவில்லை; ஆகவே விசுவாசம் இல்லை. அளவையியல் பயின்ற மாணவர் எவரும் இவ்வநுமானத்தின் வடிவிற் குறைகாண இயலாது. குறை இருப்பின் அது முதற் கூற்றிலேயே இருத்தல் வேண்டும். அம்முதற் கூற்று நற்செய்தி நூல்களிலிருந்து பெறப்பட்டது என்றே, ஏற்போரும் மறுப்போரும் ஒருசேர எண்ணுகின்றனர். அது உண்மையில் அங்கே உண்டா என்று பார்த்தல் பயனுடையது.

அதற்கு முன், நிகழ்ந்ததா என்னும் வினாவை முற்றாக ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. ஸ்கொத்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748இல் வெளியிட்ட, மனித அறிவு பற்றிய நூலின் பத்தாம் பிரிவில் இதனை ஆராய்ந்துள்ளார். இயற்கை விதிகளை நிலைநாட்டும் அனுபவம் ஒருபுறமும், அற்புதத்தைக் கண்டதாகக் கூறுவோரின் சாட்சியம் மறுபுறமும் தராசில் வைக்கப்படும்போது, அச்சாட்சியம் பொய்யாதல் அவ்வற்புதத்தினும் நம்புதற்கரியதாக இருந்தாலன்றி அதனை ஏற்றல் தகாது என்பது அவர் வாதத்தின் சாரம். இதற்கெழுந்த மறுப்புகளுள் நுழைதல் ஈண்டு வேண்டியதில்லை. ஹியூம் எடுத்துக்காட்டும் உதாரணமொன்றே நமக்கு முக்கியமானது. உரோமைப் பேரரசன் வெஸ்பாசியன் அலெக்சாந்திரியா நகரிலே பார்வையற்ற ஒருவனைத் தன் உமிழ்நீரினாலும், கைவழங்காத ஒருவனைத் தன் காலால் மிதித்தும் குணமாக்கினான் என்று வரலாற்றாசிரியர் தாசிற்றஸ் எழுதியுள்ளார். இயேசு உமிழ்நீரைப் பயன்படுத்திப் பார்வையளித்ததாக மாற்கும் யோவானும் கூறுவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்னும் பழைய சான்றுகளும் உள. கிரேக்க நாட்டு எப்பிடோரஸ் நகரில், அஸ்கிளீப்பியஸ் என்னும் மருத்துவத் தெய்வத்தின் கோயிலில், கி. மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டுகள் அங்கு குணமடைந்தோரின் கதைகளைத் தொகுத்துக் கூறுகின்றன. ஒரு கண் பார்வையிழந்த ஆதென்ஸ் நகரப் பெண்ணொருத்தி அக்கதைகளைக் கேட்டு நகைத்தாளாம். அத்தெய்வம் அவளையும் குணமாக்கியது. ஆனால் அவளது அறியாமையின் நினைவாக வெள்ளியினாற் செய்த பன்றியுருவொன்றைக் கோயிலுக்குக் காணிக்கையாக வைக்கும்படி பணித்தது. அத்தெய்வத்துக்கு நகைச்சுவையுணர்வு இருந்திருத்தல் வேண்டும். நம்பாதவளும் குணமாவதற்கு அங்கே தடையிருக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

எனவே, முதலாம் நூற்றாண்டு மக்களுக்கு அற்புதமாகக் குணமடைதல் என்பது கேள்விப்படாத செய்தியன்று. இயேசுவின் எதிரிகளே அவர் குணமாக்கவில்லை என்று வாதாடியதாக நற்செய்தி நூல்களில் இல்லை. பேய்களின் தலைவனைக் கொண்டு அதைச் செய்கின்றார் என்பதே அவர்கள் குற்றச்சாட்டு. அதற்கு அவர் கூறும் விடையும் சிந்திக்கத்தக்கது: அவ்வாறாயின் உங்களைச் சேர்ந்தவர்கள் எதனைக் கொண்டு அதைச் செய்கின்றார்கள் என்று கேட்கின்றார். பிறரும் செய்கின்றார்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. நாம் இன்று நிகழ்ந்ததா என்று கேட்கின்றோம். அவர்களோ யாருடைய வல்லமையால், யாருக்காக, எந்த நாளில் என்று கேட்டார்கள். நூல்களின் பொருளை விளங்குதற்கு அவர்களுடைய வினாக்களே நம்முடைய வினாவினும் அண்மையான வழியாகும்.

சொல்லாட்சியும் இதற்குத் துணைசெய்கின்றது. தமிழில் அற்புதம், புதுமை என்று நாம் வழங்கும் சொற்கள் வியப்பையே முதன்மையாகச் சுட்டுவன. கிரேக்க மூலத்தில் வியப்புக்குரியது எனப் பொருள்படும் தெரஸ் என்னும் சொல் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலேனும் தனித்து வருவதில்லை. அடையாளம் என்னும் சொல்லுடன் சேர்ந்தே வரும். முதல் மூன்று நற்செய்தியாளரும் விரும்பி ஆள்வது தூனமிஸ், அதாவது வல்லமை என்னுஞ் சொல்லாகும். யோவானோ செமெயோன், அதாவது அடையாளம் என்பார். அடையாளம் என்பது தன்னைத் தாண்டி வேறொன்றைக் காட்டுவது. வழிகாட்டிக் கம்பத்தையே ஊரென்று எண்ணி அதனடியிற் குந்தியிருப்பவன் ஊர்போய்ச் சேரமாட்டான்.

இனி முதற் கூற்றுக்கு வருவோம். விசுவாசமே குணமாக்கியது என்ற கருத்துப்பட இயேசு பேசும் இடங்கள் உள்ளன என்பது உண்மையே. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணிடமும், எரிகோவிற் பார்வைபெற்ற பர்த்திமேயுவிடமும் அவர் அவ்வாறு கூறுகின்றார். அங்கே பயன்படும் சோசோ என்னும் வினைச்சொல் குணமாக்குதல், மீட்டல் ஆகிய இருபொருளையும் ஒருங்கே உடையது. ஆனால், மூல மொழியில் ஒரு சொல்லும் மாறாமல் அதே வாக்கியம் லூக்காவின் ஏழாம் அதிகாரத்தில் வேறொரு பெண்ணுக்குக் கூறப்படுகின்றது. விருந்து நடந்த வீட்டிற் புகுந்து இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்தவள் அவள். அவளுக்கு எந்த நோயும் இருந்ததாக லூக்கா கூறவில்லை. பத்துக் குட்டநோயாளரின் கதை இதனினும் தெளிவானது. பத்துப் பேரும் சுத்தமாகின்றார்கள். ஒருவன் மட்டும், அவனும் ஒரு சமாரியன், திரும்பிவந்து நன்றி கூறுகின்றான். மேற்படி வாக்கியம் அவ்வொருவனுக்கே சொல்லப்படுகின்றது. மற்றைய ஒன்பதின்மரும் அவ்வாக்கியம் இல்லாமலே குணமடைந்தார்கள். நன்றி மறந்தமைக்காக அவர்களுடைய சுகம் திருப்பி எடுக்கப்படவுமில்லை. ஆகவே, அவ்வாக்கியம் உடல்நலத்துக்கு இடப்பட்ட நிபந்தனையாக இருத்தல் இயலாது. உடல்நலத்துக்கு அப்பால் நிகழ்ந்த ஒன்றுக்கு அது பெயரிடுகின்றது.

எருசலேமில், பெதஸ்தா என்னும் குளத்தருகே கிடந்தவனின் கதையில் விசுவாசத்தின் சாயலே இல்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றிருந்த அவன் சுகம் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. சுகமடைய விருப்பமா என்று வினவப்பட்டபோது, தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்ற முறைப்பாட்டையே விடையாகக் கூறினான். தன்னைக் குணமாக்கியவர் யாரென்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தபின் அவன் செய்தது, அதிகாரிகளிடம் போய் அவரைக் காட்டிக்கொடுத்ததே.

நம் மேடைக் காட்சிக்கு நேரொத்த கதை மாற்கின் ஒன்பதாம் அதிகாரத்தில் உள்ளது. வலிப்பினால் தீயிலும் நீரிலும் விழும் மகனைத் தந்தையொருவன் கொண்டுவருகின்றான். சீடர்கள் குணமாக்க முயன்று தோற்றுப்போகின்றார்கள். சுற்றிலும் கூட்டம்; வேதபாரகருடன் தர்க்கம்; நடுவே பையன். தந்தை இயேசுவிடம், உம்மால் ஏதும் இயலுமானால் என்று ஐயத்தோடேதான் பேசத் தொடங்குகின்றான். நம்புகிறவனுக்கு எல்லாம் இயலும் என்ற கருத்துப்பட இயேசு கூறியபோது, தனக்கு விசுவாசம் உண்டென்றும் தன் அவிசுவாசத்துக்கும் உதவிசெய்ய வேண்டுமென்றும் ஒரே மூச்சில் அலறுகின்றான். அளவையியலாளர் இதனை முரண் என்பர். ஆனால் அம்முரண் ஏற்றுக்கொள்ளப்பட்டது, பையன் எழுந்தான். பின்னர் சீடர்கள், தங்களால் ஏன் இயலவில்லை என்று தனித்துக் கேட்கின்றனர். மத்தேயுவின் நூலில் அதற்குக் கிடைக்கும் விடை, அவர்களுடைய விசுவாசக் குறைவே காரணம் என்பதாகும். குணமாகாமைக்கான குறை நோயாளியிடத்தோ அவனைச் சுமந்துவந்த தந்தையிடத்தோ தேடப்படவில்லை. குணமாக்க முன்வந்தவர்களிடத்திலேயே காணப்பட்டது. அன்று அத்தாயை நோக்கிப் பேசியவர் இவ்வதிகாரத்தைப் பலமுறை வாசித்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நாசரேத்தூரில் மக்களின் அவிசுவாசத்தினால் இயேசுவால் வல்லசெயல்களைச் செய்ய இயலவில்லை என்று மாற்கு எழுதியிருப்பதை எதிர்வாதமாகக் காட்டலாம். இயலவில்லை என்னுஞ் சொல் மத்தேயுவுக்கே இடறலாயிருந்தது போலும். அவர் அதனைச் செய்யவில்லை என்று மாற்றிக்கொண்டார். ஆயினும் மாற்கு கூறும் அவிசுவாசம் தச்சன்தானே என்று ஏளனஞ் செய்த ஊராரின் அவிசுவாசமாகும். நோயாளர் சிலர் அங்கேயும் குணமாக்கப்பட்டனர் என்று அதே வசனம் கூறுகின்றது.

விசுவாசம் பற்றிய குற்றச்சாட்டு இவ்வாறாக, பாவம் பற்றிய குற்றச்சாட்டு அதனினும் பழையது. பிணிக்குக் காரணம் பிணியாளனின் குற்றமே என்னும் எண்ணம் மனிதகுலத்தோடு ஒட்டிப் பிறந்தது போலும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாதிருந்து துக்கங்கொண்டாடியவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள், வாய்திறந்ததும் வழக்குரைஞராயினர். அந்நூலின் முடிவிற் கடவுள் கண்டிப்பது அவர்களையே. சமயத்தின் பிடி தளர்ந்த காலத்திலும் இவ்வெண்ணம் தளரவில்லை. புற்றுநோய்க்கு ஆளாகியிருந்த அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்ராக், நோயை உருவகமாக்குதல் பற்றி 1978இல் வெளியிட்ட நூலில், காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் நோயாளியின் குணவியல்பே காரணமென்று கற்பிக்கப்பட்டு வந்தமையை எடுத்துக்காட்டினார். பாவம் என்ற சொல்லை விலக்கி மனப்பாங்கு என்ற சொல்லை வைத்தாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் அவரேதான்.

நற்செய்தி நூல்கள் இவ்வெண்ணத்தினின்று முற்றாக விடுபட்டவை என்று கூறுதல் மிகை. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனிடம் இயேசு முதலிற் பாவமன்னிப்பையே பேசுகின்றார். பெதஸ்தாவிற் குணமானவனை மீண்டும் சந்தித்தபோது, இதனிலும் கேடானது நேராதபடி இனிப் பாவஞ் செய்யாதே என்ற கருத்துப்பட எச்சரிக்கின்றார். இவ்விடத்துக்கு உரையாசிரியர்கள் கூறும் சமாதானங்கள் எனக்கு நிறைவளிக்கவில்லை; அதனை ஓர் இடறலாகவே விட்டுவிடுகின்றேன். ஆனால் அதே யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் இவ்வினாவை நேருக்கு நேர் எதிர்கொள்கின்றது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு, பாவஞ்செய்தவன் இவனா இவனைப் பெற்றோரா என்று கேட்கின்றார்கள் சீடர்கள். இவனுமல்லன், இவனைப் பெற்றோருமல்லர் என்பது விடை. கடவுளின் செயல்கள் அவனிடம் வெளிப்பட வேண்டும் என்று தொடரும் பகுதியே இடர்ப்பாடானது. ஓர் அற்புதத்தைக் காட்டுதற்காக ஒருவனை இத்தனை ஆண்டுகள் இருளில் வைத்திருத்தல் எவ்வகை நீதி? மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் நிறுத்தக்குறிகள் இல்லாமையினால், அப்பகுதியை முன்வாக்கியத்தோடன்றிப் பின்வாக்கியத்தோடு சேர்த்து வாசிப்பாரும் உளர். அவ்வாறு வாசிப்பின், அவன் ஏன் பார்வையற்றுப் பிறந்தான் என்பதற்கு விடையே கூறப்படவில்லை. பகல் இருக்கும்போதே நாம் செய்யவேண்டிய வேலை எது என்பது மட்டும் கூறப்படுகின்றது. காரணம் கேட்டவர்களுக்குக் கடமை விடையாகக் கிடைக்கின்றது.

இவ்வதிகாரத்தின் நாற்பத்தொரு வசனங்களில், பார்வை கிடைப்பதுவரையுள்ள பகுதி ஏழே வசனங்களில் முடிந்துவிடுகின்றது. எஞ்சியன யாவும் விசாரணை. அயலவர் விசாரிக்கின்றனர், பரிசேயர் விசாரிக்கின்றனர், செபாலயத்திலிருந்து விலக்கப்படுவோமோ என்று அஞ்சிய பெற்றோர், அவன் வயதுவந்தவன், அவனையே கேளுங்கள் என்று நழுவுகின்றனர். ஈற்றில், முழுவதும் பாவத்திற் பிறந்தவன் என்று ஏசி அவனை வெளியே தள்ளுகின்றனர். கண் பெற்றவனை ஊர் இழந்துவிட்டது. அவன் தள்ளப்பட்டதைக் கேள்வியுற்ற இயேசு அவனைத் தேடிக் கண்டுபிடிக்கின்றார். பார்வை அளித்ததைவிட இத்தேடலே கதையின் உச்சம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வெளியே தள்ளுதல், உள்ளே சேர்த்தல் என்னும் இவ்விரண்டுமே பெரும்பாலான சுகமளித்தற் கதைகளின் உள்ளோட்டமாக அமைந்துள்ளன. லேவியராகமம் விதித்த சட்டப்படி குட்டநோயாளன் கிழிந்த உடையுடன், தான் தீட்டுடையவன் என்று கூவிக்கொண்டு, பாளையத்துக்குப் புறம்பே வாழ்தல் வேண்டும். அங்கே கூறப்படும் நோய், நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இற் கிருமியைக் கண்டறிந்த நோய் மட்டுமன்று. உடையிலும் வீட்டுச் சுவரிலுங்கூட அது தோன்றும் என்கின்றது அந்நூல். மருத்துவப் பெயர் எதுவாயினும் சமூகத் தண்டனை ஒன்றே. மாற்கின் முதலாம் அதிகாரத்தில் அத்தகைய ஒருவன் வந்து முழந்தாளிடுகின்றான். இயேசு சுத்தமாகு என்று சொல்லுமுன் கைநீட்டி அவனைத் தொடுகின்றார். அதாவது, தீட்டு நீங்குமுன்னரே தொடுகின்றார். பிரதிகள் பெரும்பாலானவற்றில் அவர் மனதுருகினார் என்றிருக்க, சிலவற்றிற் சினங்கொண்டார் என்றிருக்கின்றது. எது மூலபாடம் என்பதில் அறிஞர் ஒருமிக்கவில்லை. சினமே மூலபாடமாயின், அந்நிலைமையில் ஒரு மனிதனை வைத்திருந்த யாவற்றின்மீதும் எழுந்த சினம் அது என்று கொள்ளுதல் பொருந்தும். கதையின் முடிவு பலராற் கவனிக்கப்படாதது. குணமானவன் ஊருக்குள்ளே போய்ச் செய்தியைப் பரப்புகின்றான். அதனால் இயேசு வெளிப்படையாக ஊருக்குள் வரமுடியாமற் புறம்பே வனாந்தரமான இடங்களில் தங்கநேர்கின்றது. புறம்பே இருந்தவன் உள்ளே. உள்ளே இருந்தவர் புறம்பே.

இரத்தப்போக்குடைய பெண்ணின் கதையிலும் இதுவே நிகழ்கின்றது. மருத்துவர் பலரிடம் பொருளையெல்லாம் செலவழித்தும் நோய் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை என்று மாற்கு சற்றுக் கடுமையாகவே எழுதுகின்றார். மரபினால் மருத்துவரென்று கருதப்படும் லூக்கா அதனை மென்மையாக்கிக் கொண்டமை சுவையானது. தீட்டுக்காரியாதலின் அவள் பின்னால் மறைந்துவந்து உடையைத் தொடுகின்றாள், உடனே குணமாகின்றாள். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். சாகும் தறுவாயிலுள்ள தன் மகளுக்காக இயேசுவை அழைத்துச் செல்லும் யவீரு அருகிற் பதைத்து நிற்க, தொட்டவர் யார் என்று கேட்டு அவர் நின்றுவிடுகின்றார். உடல் குணமாயிற்று, ஆயினும் திருடியாக வந்தவள் திருடியாகவே திரும்பலாகாது. கூட்டத்தின் நடுவே அவளை மகளே என்று அழைக்கின்றார். யவீருவின் மகளுக்கு வயது பன்னிரண்டு; இவளுடைய நோய்க்கும் ஆண்டு பன்னிரண்டு. செபாலயத் தலைவனின் மகளுக்காகப் பரிந்துபேசத் தந்தையொருவன் இருந்தான். இவளுக்கு யாருமிலர்.

சுகமளித்தல் என்பது சமூகத்தில் மீளச் சேர்த்தலேயன்றி வேறில்லை என்று இதனால் முடிபு கட்டிவிடவும் கூடாது. 1835இல் ஸ்ட்ராவுஸ் எழுதிய இயேசுவின் வாழ்க்கை தொடக்கம், 1941இல் புல்ற்மான் முன்வைத்த தொன்மநீக்கக் கொள்கை வரை, நிகழ்ச்சியை விடுத்துக் கருத்தைக் கைக்கொள்ளும் போக்கு ஜேர்மானிய அறிஞரிடையே வலுப்பெற்றது. அவர்களுடைய கல்வித்திறன் போற்றத்தக்கதே. ஆனால் நோவினால் இரவு முழுவதும் உறங்காதவனுக்குக் கருத்து மட்டும் போதுமா? யவீருவின் மகள் எழுந்ததும் இயேசு கூறும் சொல், அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்பதாகும். பசித்த வயிற்றை எந்த உருவகமும் நிரப்பாது. இக்கதைகள் உடலை உடலாகவே மதிக்கின்றன. உடல்நோவை ஆன்மிகப் பயிற்சியென்று புகழ்ந்து, பொறுத்துக்கொள்ளும்படி எந்த நோயாளிக்கும் இயேசு உபதேசித்ததாக இந்நூல்களில் நான் கண்டதில்லை. பதினெட்டு ஆண்டுகள் கூனியிருந்த பெண்ணை ஓய்வுநாளிற் குணமாக்கியபோது, வேலைசெய்ய ஆறு நாள் உண்டே, அந்நாட்களில் வரலாகாதா என்று செபாலயத் தலைவன் சினந்தான். ஒருநாள் பொறுத்தால் என்ன என்பது நியாயமான கேள்வி போலவே தோன்றும். மாட்டையும் கழுதையையும் தண்ணீருக்கு அவிழ்த்துவிட நீங்கள் மறுநாள்வரை பொறுப்பதில்லையே என்பது கிடைத்த விடை.

உடலை இவ்வளவு மதிக்கும் கதைகளாதலினாலேயே மிகக் கடினமான வினா எழுகின்றது. பெதஸ்தாவின் மண்டபங்கள் ஐந்திலும் நோயாளர் திரளாகக் கிடந்தனர் என்று யோவான் கூறுகின்றார். எருசலேமில் நடந்த அகழ்வாய்வுகள் அவ்விடத்தில் அருகருகே இரு குளங்களை வெளிப்படுத்தியுள்ளன. நாற்புறமும் நான்கு, நடுவே ஒன்று என மண்டபங்கள் அமைந்திருக்கலாம் என்பர். அத்தனைபேர் நடுவே இயேசு ஒருவனையே குணமாக்கிவிட்டுக் கூட்டத்தில் மறைந்துவிடுகின்றார். மற்றவர்கள்? ஹியூமின் வாதம் அறிவு சார்ந்தது. இவ்வினா அறஞ் சார்ந்தது, ஆதலின் அதனினும் கூரியது. ஆங்கிலேய இறையியலறிஞர் மொறிஸ் வைல்ஸ் 1986இல் வெளியிட்ட நூலில் இதனை வெளிப்படையாகவே எழுப்பினார். அவுஷ்விற்ஸிலும் ஹிரோஷிமாவிலும் தலையிடாத கடவுள் ஆங்காங்கே சிலருடைய காரியங்களில் மட்டும் தலையிடுகின்றார் எனின், அக்கடவுளின் நீதியை எவ்வாறு விளங்குவது என்பது அவர் எழுப்பிய சிக்கல். இதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. நற்செய்தி நூல்களும் விடை கூறுவதாகப் பாசாங்கு செய்யவில்லை. விசுவாசக்குறைவு என்னும் விளக்கம் மக்களுக்கு இத்துணை கவர்ச்சியாக இருப்பதன் இரகசியம் இங்கேதான் உள்ளது. அது கடவுளைக் குற்றச்சாட்டினின்று விடுவிக்கின்றது, மன்றாடியவரையும் விடுவிக்கின்றது. அதற்கான விலையை நோயாளி செலுத்துகின்றார்.

இக்கதைகளை வேறுவிதமாக வாசித்தவர்களும் வரலாற்றில் இருந்திருக்கின்றார்கள். நான்காம் நூற்றாண்டிற் கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவின் ஆயராயிருந்த பசிலியார், நகருக்கு வெளியே நோயாளருக்கும் வறியோருக்குமாக இல்லங்கள் அமைத்தார்; குட்டநோயாளரைத் தாமே அணைத்து வரவேற்றார். நமக்கு அண்மையில், 1847இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் பார்த்ததோடமையாது, தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்து, உடற்கூற்றியல் முதலான நூல்களையும் தமிழாக்கினார். மருத்துவக் கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசும்போது நாம் அவரை நினைவுகூர்கின்றோம். அம்முயற்சி, சுகமளித்தற் கதைகளுக்கு எழுதப்பட்ட ஓர் உரையுமாகும் என்பதை நினைப்பதில்லை. பெதஸ்தாவில் மற்றவர்கள் என்னவானார்கள் என்னும் வினாவுக்கு, அவர்களை எண்ணிக் கட்டில்கள் போட்டவர்கள் இவர்கள். மத்தேயுவின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வரும் நியாயத்தீர்ப்புக் காட்சியும் இங்கே பொருந்தும். நோயுற்றோரைக் குணமாக்கினீர்களா என்று அங்கே ஒருவரும் கேட்கப்படுவதில்லை. போய்ப் பார்த்தீர்களா என்பதே கேள்வி. கேட்கின்ற அரசர் தம்மை மருத்துவரோடு இனங்காட்டவில்லை, நோயாளியோடேயே இனங்காட்டுகின்றார்.

அவர் அவ்வாறு இனங்காட்டுதல் உவமைப் பேச்சு மட்டுமன்று. கெத்செமனேத் தோட்டத்தில் அவரே மன்றாடுகின்றார், கேட்டது கிடைக்கவில்லை. சிலுவையடியில் நின்ற ஆசாரியர், பிறரை மீட்டவனுக்குத் தன்னை மீட்டுக்கொள்ள முடியவில்லை என்று எள்ளியபோது மாற்கு பயன்படுத்தும் சொல், இரத்தப்போக்குடைய பெண்ணுக்குச் சொல்லப்பட்ட அதே சோசோ என்னுஞ் சொல்லாகும். விசுவாசம் இருந்தாற் சுகம் கிடைக்கும், கிடைக்கவில்லை, ஆகவே விசுவாசம் இல்லை என்னும் அநுமானத்தின் மிகத் தெளிவான வடிவத்தை விவிலியத்திற் காணவேண்டின் அவர்களுடைய வாயிலேதான் காணலாம். உயிர்த்தெழுந்த உடலிலும் ஆணித்தழும்புகள் அப்படியே இருந்தன என்கின்றார் யோவான். மரணத்தையே வென்ற உடலில் அக்காயங்களை மட்டும் இல்லாமற் செய்வது அரிதாயிருந்திருக்காது.

பவுலுடைய உடலில் ஏதோ ஒரு முள் இருந்தது; மும்முறை மன்றாடியும் அது நீக்கப்படவில்லை என்று அவரே எழுதுகின்றார். பவுலுக்கு விசுவாசம் போதாது என்று சொல்லத் துணிந்தவரை நான் கண்டதில்லை. வயிற்றுக்கோளாறுடைய தீமோத்தேயுவுக்கு அவர் பெயரால் எழுதப்பட்ட கடிதம் கூறும் யோசனை, சிறிது திராட்சரசம் அருந்துமாறு என்பதே. அத்தீமோத்தேயுவுக்கே எழுதப்பட்ட இரண்டாம் கடிதத்தின் முடிவில், யார் யார் எங்கெங்கே இருக்கின்றார்கள் என்ற செய்திகளுக்கிடையே ஒரு சிறு குறிப்பு வருகின்றது. துரோப்பீமு என்ற நண்பனை மிலேத்துவிலே நோயாளியாக விட்டுவந்ததாக அக்கடிதம் தெரிவிக்கின்றது. அவன் ஏன் குணமாகவில்லை என்று அங்கே எழுதப்படவில்லை. அவன்மீது குறையொன்றும் சொல்லப்படவுமில்லை. பெயரும் ஊரும் மட்டும் குறிக்கப்பட்டிருக்கின்றன. பனிக்காலத்துக்கு முன்னே வந்துசேர முயற்சிசெய் என்று தீமோத்தேயுவிடம் கேட்டுக் கடிதம் முடிகின்றது.